உலர்ந்தது, காலை 6:40

என் அண்ணியைப் பற்றி எழுதப்போகிறேன் என்றதும் என் மனைவி கேட்ட முதல் கேள்வி, "எழுதி அவங்ககிட்ட காட்டுவீங்களா?" காட்டுவேன் என்றேன். "அப்ப நல்ல பேப்பர்ல எழுதாதீங்க. வாஷிங் மெஷினுக்கு அடியில போட்டுடுவாங்க" என்றாள். எழுத்துக்கு இப்படியும் ஒரு பயன் உண்டு என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். உங்களுக்குத்தான் கொஞ்சம் விளக்க வேண்டும்.

எங்களுடையது அப்பா கட்டிய மாடி வீடு. கீழே நானும் மனைவியும். மேலே அண்ணனும் அண்ணியும். அண்ணனையும் சேர்த்து எழுதுவது ஒரு மரியாதைக்குத்தான். தூரத்து ஊர்களுக்குச் சரக்கு லாரி ஓட்டுகிறவர் அவர். மாதத்தில் நாலு நாள் வீட்டில் இருப்பார், அந்த நாலு நாளும் தூங்குவார். மற்ற நாளெல்லாம் மாடியில் அண்ணி தனியாகத்தான். அதனால் சாயங்காலம் ஆறு மணிக்குக் கீழே இறங்கி வந்துவிடுவார். என் மனைவி பள்ளிக்கூட டீச்சர். அவள் சாப்பாட்டு மேசையில் விடைத்தாள் திருத்துவாள், எதிர் நாற்காலியில் அண்ணி டீயோடு உட்கார்ந்து டிவிச் செய்தியைத் திட்டுவார். ஒன்பது மணிக்கு மேலே போவார். பதினெட்டு வருடமாக இதுதான் வழக்கம். தனியாக இருக்கப் பிடிக்கவில்லை என்று அண்ணி ஒரு நாளும் வாய் விட்டுச் சொன்னதில்லை. கேட்டால், "கீழ டிவி பெருசா இருக்கு" என்பார். இரண்டும் ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கிய ஒரே அளவு டிவி.

அவர் வேலை பார்ப்பது ரத்தப் பரிசோதனைக் கூடத்தில். இருபத்திரண்டு வருடமாகக் குப்பிகளில் லேபிள் ஒட்டுகிறவர். பெயர், தேதி, நேரம். இந்த மூன்றும் இல்லாத குப்பி அவர் கண்ணுக்குக் குப்பியே இல்லை. அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. மாடியில் உப்பு டப்பாவில் திறந்த தேதி இருக்கும். சோப்பு உறையில் பிரித்த நேரம் இருக்கும். குடையில்கூட ஒரு லேபிள் உண்டு. அண்ணன் ஒருமுறை அசந்து தூங்கியபோது அவர் நெற்றியிலும் ஒன்று ஒட்டியிருந்ததாக உறவினர்களுக்குள் ஒரு வதந்தி. அதைக் கிளப்பிவிட்டவன் நான்தான்.

என் தொழிலையும் சொல்லிவிடுகிறேன். அச்சகத்தில் பிழை திருத்துகிறேன். மற்றவர்கள் எழுதியதில் குற்றம் கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் தருகிறார்கள். வீட்டிலும் கண்டுபிடிக்கிறேன், அதற்கு ஒன்றும் தருவதில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். மூன்று வருடத்துக்கு முன் ஒரு நாள் காலையில் அண்ணி வாஷிங் மெஷினை ஓடவிட்டு வேலைக்குப் போய்விட்டார். குழாயிலிருந்து மெஷினுக்குத் தண்ணீர் போகும் ரப்பர் ஹோஸுக்கு அப்போது எட்டு வயது. நடுவில் லேசாக வீங்கியிருந்திருக்கிறது, யாரும் கவனிக்கவில்லை. அது வெடித்தது. குழாய் திறந்தபடியே இருந்ததால் தண்ணீர் பாட்டுக்குக் கொட்டி, மாடிச் சமையலறையை நிறைத்து, எங்கள் சீலிங்கில் இருந்த முடிபோன்ற வெடிப்பைக் கண்டுபிடித்து இறங்கிவிட்டது. அந்த வெடிப்புக்கு நேர் கீழேதான் சாப்பாட்டு மேசை. மேசைமேல் நாற்பத்திரண்டு பிள்ளைகளின் கணக்குப் பரீட்சை விடைத்தாள். நாலு மணிக்கு வீட்டுக்கு வந்த என் மனைவி பார்த்தது மேசை நிறைய நீல நிறக் கூழ்.

மறுபடி பரீட்சை வைக்க வேண்டியதாயிற்று. முதல் பரீட்சையில் தேறவே வழியில்லாத நாலைந்து பேர் இரண்டாவதில் தேறிவிட்டார்கள். அவர்கள் இன்றும் எங்கள் அண்ணிக்கு நன்றிக்கடன் பட்டவர்கள். ஆனால் அன்றைக்கு என் மனைவி மாடிப்படியின் அடியில் நின்று கத்தினாள்:

"இன்னொரு சொட்டு! இந்த சீலிங்ல இருந்து இன்னும் ஒரே ஒரு சொட்டு விழட்டும். அன்னைக்கே நான் வேற வீடு பாத்துக்கிட்டுப் போறேன்!"

என்னிடம்தான் சொன்னாள். ஆனால் படியின் நடுவில், துடைப்பத்தையும் வாளியையும் தூக்கிக்கொண்டு அண்ணி நின்றிருந்தார்.

என் மனைவியின் கோபத்துக்கு ஆயுசு கால் மணி நேரம். கொட்டித் தீர்த்துவிட்டு மறந்துவிடுவாள். சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் பழக்கமோ அவளுக்குக் கிடையாது, சொன்னது நினைவிருந்தால்தானே வாங்கிக்கொள்ள. அண்ணியோ எதையும் மறப்பவர் இல்லை. கேட்டும் தெரிந்துகொள்ள மாட்டார். "சும்மா சொன்னியா, நெஜமாவே சொன்னியா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அன்றோடு முடிந்திருக்கும். இரண்டு பேரும் அழுத்தக்காரிகள். நடுவில் மூன்று வருடம் போனது.

மறுநாள் காலையில் அண்ணி என்னிடம் வந்து கேட்டது ஒன்றுதான். "தம்பி, உங்க ஆபீஸ்ல வீணாப் போற பேப்பர் இருந்தா கொஞ்சம் கொண்டுவாங்களேன்."

நான் திருத்தி முடித்த ப்ரூஃப் தாள்கள் அச்சகத்தில் மலைபோல் கிடக்கும். மட்டமான மெல்லிய தாள், ஒரு துளி பட்டாலும் காட்டிக்கொடுத்துவிடும். வாரம் ஒரு கட்டு கொண்டுவந்து கொடுத்தேன். அண்ணி அதை வாஷிங் மெஷினுக்கு அடியில் ஒன்று, ஃப்ரிட்ஜுக்கு அடியில் ஒன்று, தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷினுக்குக் கீழே ஒன்று, பாத்திரம் கழுவும் தொட்டியின் கீழே ஒன்று என்று விரித்தார். தினமும் காலை 6:40க்கு டார்ச் விளக்கோடு தரையில் குப்புறப் படுத்து ஒவ்வொன்றையும் பார்ப்பார். பார்த்துவிட்டு, அடுத்து வைக்கப்போகும் புதுத் தாளில் ஒரு லேபிள்: "வாஷிங் மெஷின். காலை 6:40. உலர்ந்தது." பழைய தாளை எடுத்துவிட்டு அதை வைப்பார். நோட்டிலும் ஏற்றிக்கொள்வார்.

நான் உட்கார்ந்து ஒற்றெழுத்துத் திருத்திய கட்டுரைகளெல்லாம் கடைசியில் ஃப்ரிட்ஜுக்கு அடியில் ஈரம் பார்க்கப் போயின. அவற்றில் பலவற்றுக்கு அதுதான் பொருத்தமான இடம் என்பதையும் சொல்ல வேண்டும்.

கிண்டல் செய்கிறேனே தவிர, அண்ணிக்கு விஷயம் தெரியும். ஒருநாள் ஃப்ரிட்ஜ் தாளின் பின் ஓரத்தில் ஈரம். ரிப்பேர்காரரைக் கூப்பிட்டால் கம்ப்ரஸரிலிருந்து ஆரம்பிப்பார் என்று, தானே ஃப்ரிட்ஜைத் திறந்து உள்ளே பின்சுவரில் இருக்கும் சின்னத் துளையைத் தேடிப் பிடித்தார். ஃப்ரிட்ஜுக்குள் உருகும் தண்ணீர் அந்தத் துளை வழியாகத்தான் பின்பக்கத் தட்டுக்குப் போக வேண்டுமாம். அதில் கொத்துமல்லிக் காம்பு ஒன்று அடைத்துக்கொண்டிருந்தது. வெதுவெதுப்பான தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி அதை இளக்கி எடுத்தார். அந்தக் காம்பையும் ஒரு குப்பியில் போட்டு லேபிள் ஒட்டி வைத்தாரா என்று நான் கேட்கவில்லை. பதில் தெரிந்த கேள்வியைக் கேட்பது எனக்குப் பிடிக்காது.

வாஷிங் மெஷின் குழாயை ஒவ்வொரு முறையும் துவைத்து முடித்ததும் மூடிவிடுவார். எதற்கு இந்த வம்பு, மெஷின்தான் நின்றுவிட்டதே என்று கேட்டேன்.

"மெஷின் நின்னா தண்ணி நின்னுடுமா தம்பி? குழாய் திறந்திருக்கிற வரைக்கும் அது ஹோஸை முட்டிக்கிட்டேதான் நிக்கும். ராத்திரி பகலா முட்டினா ரப்பர் என்னத்துக்கு ஆகும்? மனுஷனுக்கே ஆகாது."

ஹோஸுக்கும் லேபிள் உண்டு: போட்ட தேதி, கழற்ற வேண்டிய தேதி. ஐந்து வருடம் ஆனால் பளபளவென்று இருந்தாலும் மாற்றிவிட வேண்டும் என்பது அவர் சட்டம்.

ஊருக்குப் போகும்போது மெயின் வால்வையே மூடிவிட வேண்டும் என்று எங்கோ கேள்விப்பட்டார். ஊருக்குத்தான் அவர் போவதில்லையே, அதனால் வேலைக்குப் போகும்போதே மூட ஆரம்பித்தார். மேலுக்கும் கீழுக்கும் ஒரே வால்வு என்பது அவருக்கு நினைவில்லை. எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தலையிலும் முகத்திலும் சோப்பு நுரையோடு, கண்ணைத் திறக்கவும் வழியில்லாமல் பத்து நிமிடம் நின்றவன் நான். கடைசியில் குடிக்கிற தண்ணீர்ப் பாட்டிலை ஊற்றி முகம் கழுவிக்கொண்டு ஆபீஸ் போனேன். அன்று நான் திருத்திய பக்கங்களில் ஒரு பிழையைக்கூடக் கோட்டை விடவில்லை என்றால், அந்தக் கோபம்தான் காரணம்.

ரிப்பேர்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவருக்கு எங்கள் தெருவில் பெயர் 'நாளைக்கு'. எப்போது கூப்பிட்டாலும் அதுதான் பதில் என்பதால். ஒரு காலையில் மெஷின் தாளில் ஈரம் தெரிந்தது. அண்ணி அந்தத் தாளை அப்படியே பாலிதீன் உறையில் போட்டு, வாயைக் கட்டி, லேபிள் ஒட்டி, 'நாளைக்கு'வின் கடைக்கே எடுத்துக்கொண்டு போனார். துணைக்கு நானும் போனேன். வேடிக்கை பார்க்க என்று எழுதினால் பிழையில்லை.

அவர் உறையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "வாஷிங் மெஷின், முன்பக்கம், இடது கால். காலை 6:40. ஈரம். சோப்பு வாசனை இல்லை" என்று வாசித்தார்.

"மேடம், நான் மெஷினைப் பாக்கணும். பேப்பரை வெச்சு நான் என்ன பண்றது?"

"மோந்து பாருங்க" என்றார் அண்ணி.

மனிதர் மோந்து பார்த்தார். வேறு வழியில்லை, அண்ணி எதிரே நின்றார்.

"சோப்பு வாசனை வருதா? வராது. அப்ப துவைச்ச தண்ணி இல்ல. உள்ள வர்ற நல்ல தண்ணிதான் கசியுது. ஹோஸ் புதுசு. அதனால மெஷின்ல ஹோஸ் மாட்டற இடத்துல வாஷர் தேஞ்சிருக்கணும். வாஷர் கொண்டுவாங்க, வேற எதுவும் வேணாம். எப்ப வர்றீங்க?"

"நா..." என்று ஆரம்பித்தவர், அண்ணியின் முகத்தைப் பார்த்துவிட்டு, "இன்னைக்கே வரேன்" என்றார். சரித்திரத்தில் முதல் தடவை. வந்து பார்த்தால் வாஷர்தான். அன்றிலிருந்து மற்ற வீட்டுக்காரர்களிடமும், "ஒரு பேப்பர் போட்டு எங்க நனையுதுன்னு பாத்துட்டு அப்புறம் கூப்பிடுங்க" என்று சொல்கிறாராம். மோந்து பார்க்கச் சொல்கிறாரா என்பது தெரியவில்லை.

இப்படி மூன்று வருடம் அண்ணி கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவல் காத்தார். ஒரு சொட்டு விழவில்லை. நான் இதையெல்லாம் ஏதோ கிறுக்கு என்று நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். எதற்காகக் காக்கிறார் என்பது எனக்கு உறைத்தது போன மாதம்தான்.

என் மனைவியின் பள்ளிக்கூடத்துக்கு இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். முழங்கால் வலி வந்தபின் அது பெரிய பாடாகிவிட்டது. பள்ளிக்குப் பக்கத்திலேயே ஒரு தனி வீடு வாடகைக்கு வந்தது. போய்ப் பார்த்தோம். காற்றோட்டமான வீடு, வாசலிலிருந்து பள்ளிக்கூட மணி கேட்கும். ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் சொல்வதாக வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு வந்தோம். அன்று சாயங்காலம் டீயின்போது மனைவி அண்ணியிடம் சொன்னாள்.

"ஸ்கூல் பக்கத்துல ஒரு வீடு காலியா இருக்குக்கா. சும்மா பாத்துட்டு வந்தோம். ஞாயித்துக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும்."

அண்ணி டம்ளரைக் கீழே வைத்தார். "சீலிங் எப்படி இருக்கு?"

"அதுக்கு மேல மாடியே இல்லக்கா. ஒத்தை வீடு."

"அப்ப நல்லதுதான்" என்றார் அண்ணி. "மேல ஆள் இல்லேன்னா தொந்தரவு இல்ல."

டிவியில் யாரோ அண்டப்புளுகு புளுகிக்கொண்டிருந்தார்கள். அண்ணி திட்டவில்லை. ஏழரைக்கே எழுந்து மேலே போய்விட்டார். என் மனைவி வழக்கம்போல விடைத்தாளில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள், ஆனால் ஒரே பக்கத்தை வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு மூன்று வருடத்துக்கு முந்தைய 'ஒரு சொட்டு' அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஊரார் பிழையெல்லாம் கண்ணில் படுகிறவனுக்கு வீட்டுக்குள் நடந்தது படவில்லை.

மறுநாள் முதல் மாடியில் காவல் இரட்டிப்பானது. காலை 6:40 போதாதென்று சாயங்காலமும் தாள் மாற்றினார். என்னிடம் இன்னொரு கட்டு கேட்டு வாங்கிக்கொண்டார். ஞாயிறு வரைக்கும் ஒரு சொட்டு விழாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்று கணக்குப் போட்டிருக்கிறார் பாவம்.

சனிக்கிழமை காலை பதினோரு மணி இருக்கும். மனைவிக்குப் பள்ளி விடுமுறை, மேசையில் விடைத்தாள் கட்டோடு உட்கார்ந்திருந்தாள். நான் வாசலில் செருப்புக்கு வார் தைத்துக்கொண்டிருந்தேன். மாடியில் வாஷிங் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. திடீரென்று வீடு முழுக்க மின்விசிறி நின்றது. மேலேயிருந்து அண்ணியின் குரல்:

"தம்பி! மெயினை நான்தான் அணைச்சேன், பயப்படாதீங்க! கொஞ்சம் மேல வாங்க!"

மூன்று மூன்று படியாகத் தாவி ஏறினேன். மெஷின் இருக்கும் சின்ன அறையிலிருந்து சமையலறை நடை வரை கணுக்கால் நனையும் அளவு சோப்புத் தண்ணீர். தண்ணீரில் காலை வைக்கும் முன்பே கரண்டை அணைத்திருந்தார். குழாயை மூடியிருந்தார். நடையின் குறுக்கே துண்டு, போர்வை, தலையணை எல்லாம் போட்டு அணை கட்டியிருந்தார். அணைக்கு மேலே அண்ணனின் புதுச் சட்டைகளும் கிடந்தன. ஆபத்துக்குப் பாவமில்லை என்று அவற்றையும் நான் மிதித்துக்கொண்டு போனேன்.

"எங்க உடைஞ்சுது அண்ணி?"

"எங்கயும் உடையல! ஹோஸ் நல்லா இருக்கு, வாஷர் நல்லா இருக்கு, மெஷினே நல்லா இருக்கு! அழுக்குத் தண்ணிதான் போக மாட்டேங்குது!"

மெஷின் துவைத்துத் துப்பும் தண்ணீர் அதன் பின்னால் தரையில் இருக்கும் சாக்கடைத் துளையில்தான் போய் விழும். அந்த மெஷினை நகர்த்த ஆண் துணை வேண்டும், அண்ணன் வரும்போது தூங்குகிறார், ஆகவே மூன்று வருடமாக அது நகர்ந்ததில்லை. வாஷர் மாற்ற வந்த 'நாளைக்கு'வும் மேலிருந்தே கையை விட்டு வேலையை முடித்துவிட்டார். இரண்டு பேருமாகச் சேர்ந்து தள்ளினோம். பின்னால் கையை விட்டுத் துழாவினேன். கொழகொழவென்று கையில் ஏதோ வந்தது. இழுத்தேன். வந்துகொண்டே இருந்தது. காகிதக் கூழ்.

நடந்தது இதுதான். துணி பிழியும்போது மெஷின் உதறும். உதறும்போது அடியில் இருக்கும் தாள் மெல்ல மெல்லப் பின்னால் நகரும். காலையில் அண்ணி டார்ச் அடித்துப் பார்க்கும்போது சில நாள் தாள் இருக்காது. என்ன செய்தார்? நோட்டில் "தாள் காணவில்லை" என்று தேதி நேரத்தோடு எழுதிவிட்டுப் புதுத் தாள் வைத்தார். பிறகு அந்த நோட்டை நான் எண்ணிப் பார்த்தேன். மூன்று வருடத்தில் அறுபத்தேழு தாள் காணாமல் போயிருந்தது. ஒன்றுவிடாமல் பதிவு செய்திருந்தார். அறுபத்தேழும் எங்கே போகும் என்று மட்டும் யோசிக்கவில்லை. அந்த வாரம் தாள் இரண்டு மடங்கானதில் துளை முழுசாக அடைபட்டுவிட்டது.

என் கையில் இருந்த உருண்டையில் ஒரு லேபிள் மட்டும் கரையாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. "உலர்ந்தது" என்றது அது, சொட்டச் சொட்ட.

எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அண்ணியைப் பார்த்தேன், சிரிப்பு போய்விட்டது. முழங்கால்வரை நனைந்து, கையில் பிழிந்த போர்வையோடு, அப்படியே நின்றிருந்தார்.

"நானே பண்ணிட்டேன் தம்பி" என்றார். "ஒழுகாத மெஷினை நானே ஒழுக வெச்சுட்டேன்."

"தாள் கொண்டுவந்து குடுத்தவன் நான்தானே அண்ணி."

அதை அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. குரலைத் தாழ்த்தி, "கீழ விழுந்துச்சான்னு பாத்துட்டு வாங்க" என்றார். "நான் வரல. நீங்க பாத்துட்டு வந்து சொல்லுங்க."

துளை திறந்துகொண்டது, தண்ணீர் களகளவென்று இறங்கியது. நான் கீழே போனேன்.

விடைத்தாள் கட்டு பத்திரமாகக் கட்டிலில் இருந்தது. சாப்பாட்டு மேசைமேல் நாற்காலி. நாற்காலிமேல் முழங்கால் வலிக்காரியான என் மனைவி. இரண்டு கையாலும் ஒரு துண்டைச் சீலிங் வெடிப்பில் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள். துண்டு ஊறி, தண்ணீர் அவள் முழங்கை வழியாக ரவிக்கைக் கைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. மிச்சம் பக்கத்தில் இருந்த வாளிக்குள் விழுந்தது. ஆனால் சொட்டுச் சொட்டென்ற சத்தமே இல்லை. எட்டிப் பார்த்தேன். வாளிக்குள் இன்னொரு துண்டை மடித்துப் போட்டிருந்தாள்.

"எவ்வளவு நேரமா இப்படி..."

"மெதுவாப் பேசுங்க" என்று பல்லைக் கடித்தாள். "வாளியில விழற சத்தம் மேல கேட்டுடும்னுதான் துணி போட்டிருக்கேன். நீங்க வந்து ஊரைக் கூட்டாதீங்க."

அவளும் மறந்திருக்கவில்லை, மூன்று வருடமாக. நான் அவளை இறக்கிவிட்டு, அந்தத் துண்டை நான் வாங்கிப் பிடித்துக்கொண்டேன். கால் மணி நேரத்தில் சொட்டு நின்றது. வாளியைக் குளியலறையில் ஒளித்தோம். மேசையைத் துடைத்தோம். விடைத்தாள் கட்டைக் கொண்டுவந்து பழைய இடத்தில் வைத்து, அவள் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தபோது, படியில் அண்ணியின் காலடி. என்னைக் காணோம் என்று தானே இறங்கிவிட்டார்.

வாசற்படியைத் தாண்டாமல் நின்றார். "ஏம்மா, கீழ... விழுந்துச்சா?"

"என்னது விழுந்துச்சா?" என்று நிமிர்ந்தாள் என் மனைவி. அவள் முடியிலிருந்து ஒரு துளி கன்னத்தில் வழிந்தது. இடது கை முழுக்க ஈரம். "ஒண்ணும் விழலையேக்கா. நான் காலையில இருந்து இங்கயேதான் உக்காந்திருக்கேன்."

அண்ணி அவளைப் பார்த்தார். பிறகு மெல்லத் தலையைத் தூக்கிச் சீலிங்கைப் பார்த்தார். தட்டகலத்துக்கு ஈரக் கறை, நடுவில் இன்னும் மினுமினுத்துக்கொண்டு. தாளில் படியும் வட்டத்தைப் பார்த்தே எந்த வாஷர் தேய்ந்தது என்று சொல்கிற பெண்மணி அவர். பார்த்தார், பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார்.

"பழைய கறைதானே அது?" என்றார்.

"ஆமாக்கா. பழசு. மூணு வருஷத்துக்கு முந்தினது."

"அதான பாத்தேன்" என்றார் அண்ணி. குரல் கொஞ்சம் உடைந்தது. உடனே திரும்பி மேலே போய்விட்டார், துடைக்க வேண்டியது இருக்கிறது என்று.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலையில், கூப்பிடாமலே வந்தார். கையில் பென்சில், லேபிள் சுருள். மேசைமேல் நாற்காலி போட்டு ஏறினார். நேற்று என் மனைவி ஏறிய அதே நாற்காலி.

"கறையைச் சுத்திப் பென்சிலால ஒரு கோடு போட்டு வெக்கிறேன். கோட்டைத் தாண்டிப் பரவலேன்னா கசிவு நின்னுடுச்சுன்னு அர்த்தம். ஃபேனை ஓடவே விடுங்க, நல்லாக் காயட்டும். ரெண்டு மூணு வாரம் காயாம வெள்ளையடிச்சுடாதீங்க, பொரிஞ்சு பொரிஞ்சு வரும்" என்றார்.

மூன்று வருடத்துக் கறை இனிமேல் எதற்குப் பரவப் போகிறது, எதற்குக் காய வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. எனக்கு நாக்கு நுனிவரை வந்தது. மனைவி பார்த்த பார்வையில் அது வந்த வழியே போய்விட்டது.

அண்ணி கோடு போட்டுக்கொண்டிருக்கும்போதே மனைவி போனை எடுத்தாள். அறையை விட்டு வெளியே போகவில்லை. அங்கேயே நின்று பேசினாள்.

"ஆமாங்க, அந்த டீச்சர்தான். வீடு வேணாம்னு சொல்லத்தான் கூப்பிட்டேன்... இல்லைங்க, வீடு நல்ல வீடுதான். காத்து வெளிச்சம் எல்லாம் நல்லாத்தான் இருக்கு... ஒரே ஒரு குறைதான். அதுக்கு மேல மாடி இல்ல பாருங்க."

அந்த மனிதர் எதிர்முனையில் என்ன நினைத்திருப்பாரோ. மேலே குடித்தனம் இல்லை என்று குறைப்பட்டு வீட்டை வேண்டாமென்ற ஆளை அவர் அதுவரை பார்த்திருக்க மாட்டார்.

மேலே பென்சில் நின்றுவிட்டது. அண்ணி சீலிங்கைப் பார்த்தபடியே இருந்தார், அதனால் முகம் தெரியவில்லை. மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு கோட்டை முடித்தார். லேபிளைக் கிழித்து, உள்ளங்கையில் வைத்து ஏதோ எழுதி, கறைக்குப் பக்கத்தில் ஒட்டினார். இறங்கி, முந்தானையால் கண்ணையும் நாற்காலியையும் துடைத்தார்.

"டீ போடறேன்" என்றார். "முழங்காலுக்கு ஒத்தடம் குடுத்தியா? நாளையில இருந்து முதல் பஸ் ஸ்டாப் வரைக்கும் தம்பி உன்னை வண்டியில கொண்டுவிடட்டும். சும்மாதான தூங்கறார்."

என்னை யாரும் கேட்கவில்லை. இரண்டு பேரும் சமையலறைக்குள் போய்விட்டார்கள். நான் நாற்காலியில் ஏறி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு லேபிளை வாசித்தேன். அழகான சின்ன எழுத்து:

"பழைய கறை. சனிக்கிழமை, காலை 11:20."

இருபத்திரண்டு வருடப் பழக்கம், கிழமையையும் நேரத்தையும் மாற்றி எழுத அவருக்குக் கை வரவில்லை. அச்சகத்தில் என் கண்ணில் இது பட்டிருந்தால் சிவப்பு மையால் வட்டம் போட்டிருப்பேன். ஞாயிற்றுக்கிழமை எனக்கு விடுமுறை. இறங்கி, நாற்காலியை எடுத்த இடத்தில் போட்டுவிட்டு, டீ குடிக்கப் போனேன்.